எடிட்பிளஸ்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

எடிட்பிளஸ் விண்டோஸில் ஓடும் டெக்ஸ்ட் எடிட்டர், அதாவது புரோகிராமும் எழுத்தும் அடிக்கும் மென்பொருள். தென்கொரியாவைச் சேர்ந்த சாங்கில் கிம் எழுதியது, 1998 முதல் இருக்கிறது. ஷேர்வேர் வகை, 30 நாள் ஓட்டிப் பார்த்துப் பிடித்திருந்தால் காசு கட்டி வாங்க வேண்டும். இருபது வருடமாக என் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது. பிஎச்பி, ஜாவா என்ற புரோகிராம் மொழிகள், தமிழ் ஃபைல்கள் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். சீரியல் கீ (காசு கட்டியவர்களுக்குத் தரும் பதிவு எண்) மட்டும் கேட்காதீர்கள்.

கே: அண்ணா, காலேஜில் ஜாவா படிக்கிறேன். எடிட்பிளஸிலிருந்தே கம்பைல் செய்ய முடியுமா?

முடியும் தம்பி. டூல்ஸ் மெனுவில் யூசர் டூல்ஸ் அமைக்கும் இடத்துக்குப் போய்ப் புதிதாக ஒரு புரோகிராம் சேர். கமாண்ட் என்ற இடத்தில், ஜேடிகே (ஜாவா கருவித் தொகுப்பு) ஃபோல்டருக்குள் 'பின்' என்ற ஃபோல்டரில் இருக்கும் ஜாவாசியைக் காட்டு. எழுதியதை ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும், அதாவது கம்பைல் செய்யும் கருவி அதுதான். ஆர்குமென்ட் கட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன அம்பு இருக்கும், அதை அழுத்தி ஃபைல் நேமைத் தேர்ந்தெடு. அதற்கடுத்த கட்டத்தில் ஃபைல் டைரக்டரி. கேப்சர் அவுட்புட்டில் டிக் போட்டுவிடு. இனி கன்ட்ரோலும் 1ம் சேர்த்து அழுத்தினால் கம்பைல் ஆகும். பிழை வந்தால் கீழே அவுட்புட் பகுதியில் தெரியும். அந்த வரியை இரண்டு தடவை கிளிக் செய், கர்சர் நேராகப் பிழை இருக்கும் வரிக்கே போய் நிற்கும். எனக்கு இந்த எடிட்டர் பிடித்துப்போனதே இந்த ஒரு வசதியால்தான்.

கே: சீரியல் கீ கிடைக்குமா சார்?

கிடைக்காது. விலைக்கு வாங்குங்கள்.

கே: முதல் வரியிலேயே 'இல்லீகல் கேரக்டர் \187' என்று ஜாவா பிழை காட்டுகிறது. அந்த வரியில் 'இம்போர்ட்' தவிர எதுவுமே இல்லை. மூன்று முறை அழித்து அடித்துவிட்டேன். தமிழ் சரங்கள் இருப்பதால் யுடிஎஃப்-8ல் சேவ் செய்திருக்கிறேன்.

நல்ல கேள்வி, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். யுடிஎஃப்-8 என்பது எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதிவைக்கும் ஒரு முறை, அதாவது ஒரு என்கோடிங். உங்கள் ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் இருக்கின்றன: 239, 187, 191. பைட் ஆர்டர் மார்க் என்பார்கள், சுருக்கமாக பிஓஎம். யுடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையில் இரண்டு பைட்டில் எது முன்னால் வரும் என்று சொல்வதற்காக வந்த குறி அது. யுடிஎஃப்-8ல் அந்தக் குழப்பமே கிடையாது, அங்கே அது 'இது யுடிஎஃப்-8 ஃபைல்' என்று காட்டும் முத்திரை, அவ்வளவுதான். பழைய நோட்பேட் யுடிஎஃப்-8ல் சேவ் செய்யும்போதெல்லாம் இதை ஒட்டிவிடும். 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகுதான் அது தானாக ஒட்டுவதை விட்டது.

உங்கள் ஜாவாசி பழையது. ஃபைல் எந்த என்கோடிங் என்று நீங்கள் சொல்லாததால், விண்டோஸின் ஆங்கில எழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு பைட் பைட்டாகப் படிக்கிறது. 239 என்பது அந்தப் பட்டியலில் மேலே இரண்டு புள்ளி வைத்த 'i'. அது எழுத்துதான் என்பதால் ஏதோ ஒரு பெயர் தொடங்குகிறது என்று ஏற்றுக்கொள்கிறது. அடுத்த 187 வலப்பக்க மேற்கோள் குறி. அது ஜாவாவில் எங்கேயும் வரக்கூடாத குறி, அங்கேதான் தடுக்கி விழுகிறது. பிழைச் செய்தியில் 239 வராமல் 187 வருவதற்கு இதுதான் காரணம். பைட்டுகளை 16-அடி எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் வியூவரில் திறந்து பாருங்கள், முதல் மூன்று கட்டத்தில் 'ஈஎஃப், பிபி, பிஎஃப்' என்று வரிசையாக நிற்கும். எத்தனை முறை வரியை அழித்து அடித்தாலும் அவை போகாது, ஏனென்றால் எடிட்டர் அவற்றை வரியின் பகுதியாகவே காட்டுவதில்லை.

பிரிஃபரன்ஸில் ஃபைல்ஸ் பகுதிக்குப் போய் 'யுடிஎஃப்-8 சிக்னேச்சர்' என்பதை 'எப்போதும் நீக்கு' என்று வைத்து ஒருமுறை சேவ் செய்யுங்கள், பிழை போய்விடும். அப்புறம் ஜாவாசிக்கு என்கோடிங் யுடிஎஃப்-8 என்று மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கம்பைல் ஆகும், தமிழ் மட்டும் குப்பையாக வரும். ஜேடிகே 18லிருந்து அதுவே யுடிஎஃப்-8ஐ எடுத்துக்கொள்ளும்.

கே: பிஎச்பியில் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்று வருகிறது.

மேலே சொன்ன அதே மூன்று பைட்டுகளாக இருக்கலாம். பிஎச்பி குறிக்கு முன்னால் அவை இருந்தால் பக்கத்தின் உள்ளடக்கமாக முதலில் அவைதான் வெளியே போகும், அப்புறம், பக்கத்துக்கு முன்னால் போக வேண்டிய ஹெடர் என்ற தகவலை அனுப்ப முடியாது. அதே மருந்துதான்.

கே: ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் '.பேக்' என்று இன்னொரு ஃபைல் முளைக்கிறதே, இருக்கட்டுமா?

சர்வரில் இருக்கக் கூடாது. இதை யார் கேட்டாலும் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்வேன். நீங்கள் சேவ் செய்யும்போது பழைய வடிவத்தை எடிட்பிளஸ் அந்தப் பெயரில் வைத்துக்கொள்கிறது. சொந்த கம்ப்யூட்டரில் நல்ல வசதி. ஃபோல்டரை அப்படியே சர்வருக்கு ஏற்றினால் ஆபத்து. 'கான்ஃபிக்.பிஎச்பி'யை யாராவது கேட்டால் சர்வர் அதை ஓட்டி விடையை மட்டும் தரும். 'கான்ஃபிக்.பிஎச்பி.பேக்' என்று கேட்டால், அது பிஎச்பி என்று சர்வருக்குத் தெரியாது, உள்ளே இருப்பதை அப்படியே எடுத்து நீட்டிவிடும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு வாடிக்கையாளரின் தளத்தில் இப்படித்தான் நடந்தது. ஏற்றியது நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஆர்டர் டேபிள் காலி. பேக்கப் பத்து நாள் பழையது. இடையில் வந்த ஆர்டர்களை மின்னஞ்சல்களைப் பார்த்துக் கையால் அடித்து ஏற்றினோம், இரண்டு ராத்திரி. பிரிஃபரன்ஸில் பேக்கப் ஃபைல் உண்டாக்குவதை நிறுத்துங்கள், அல்லது அவை தனி ஃபோல்டருக்குப் போகும்படி வையுங்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் இன்றைக்கே சர்வரில் தேடி அழியுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

கே: 30 நாள் தாண்டி நாலு வருசமா எனக்குத் திறக்குது. அப்புறம் எதுக்குக் காசு?

திறக்கிறது என்பதற்காக உங்களுடையது ஆகிவிடாது. நாலு வருடம் தினமும் எட்டு மணி நேரம் அதில் வேலை செய்து சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள். எழுதியவருக்கு 35 டாலர் தரக் கூடாதா?

கே: 35 டாலர் அவங்களுக்குச் சின்னக் காசு. நம்ம ஊர்ப் பையனுக்கு ஒரு மாச மெஸ் பில் சார்.

நியாயமான பேச்சு. சம்பாதிக்காத மாணவனை நான் கட்டச் சொல்லவில்லை. அவனுக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் இருக்கிறது. 2003லிருந்து இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே கிடக்கிறது, நல்ல கருவி. மனசு உறுத்தாமல் அதில் எழுதலாம். என் கோபம் கம்பெனி நடத்துபவர்கள் மேல். இருபது பேர் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தில் ஏசிக்குக் காசு உண்டு, நாற்காலிக்குக் காசு உண்டு, எடிட்டருக்கு மட்டும் திருட்டுக் கீ. நானே அப்படி ஓர் அலுவலகத்தில் மூன்று வருடம் இருந்திருக்கிறேன். அங்கே கீ ஜெனரேட்டர் ஒன்றை ஓட்டிய கம்ப்யூட்டரிலிருந்துதான் வைரஸ் மற்ற எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பரவியது.

கே: விஎஸ் கோட் எடிட்டரை மைக்ரோசாஃப்ட் சும்மாவே தரும்போது இந்தச் சின்ன ஆள் ஏன் கேட்கிறார்?

மைக்ரோசாஃப்டுக்கு வருமானம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இவருக்கு இதுதான் வருமானம். இந்த வழக்கத்துக்கு வயது 40க்கு மேல். 1982ல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் பிசி-டாக் என்ற மென்பொருளை 'பிடித்தால் காசு அனுப்புங்கள்' என்று சொல்லி வெளியே விட்டார். அதற்கு 'ஃப்ரீவேர்' என்று அவர் வைத்த பெயரை மற்றவர்கள் எடுக்க முடியாததால், மைக்ரோசாஃப்டின் தொடக்க கால ஊழியர்களில் ஒருவரான பாப் வாலஸ், வேலையை விட்டுவிட்டு 1983ல் எழுதிய தன் பிசி-ரைட்டை ஷேர்வேர் என்றார். எடிட்பிளஸைப் போல பிசி-ரைட்டும் எழுதுவதற்கான மென்பொருள்தான். டிஸ்க்கை நண்பருக்குக் காப்பி எடுத்துக் கொடுங்கள் என்று அவரே சொன்னார். கொடுத்தவரின் காப்பியைப் பார்த்து இன்னொருவர் பதிவு செய்தால், கொடுத்தவருக்கும் ஒரு பங்கு அனுப்பினார். காசு கட்ட மனமிருப்பவர்கள் இருப்பார்கள் என்று நம்பி ஒரு ஆள் தொழில் தொடங்கினார், தொழிலும் நடந்தது. அந்த நம்பிக்கையை நாம் ஏன் கெடுக்க வேண்டும்?

அப்புறம், விஎஸ் கோடின் அடியில் முழு குரோமியம் பிரௌசரே இருக்கிறது. அது தரும் வசதிகளுக்கு அந்த எடை நியாயம்தான், பெரிய பிராஜெக்டுக்கு நானும் அதைத் திறக்கிறேன். ஒரு கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி மாற்ற அவ்வளவு வேண்டாம். அதற்குள் எடிட்பிளஸில் மாற்றிச் சேவ் செய்து மூடியே இருப்பேன்.

கே: கிராக் வெர்ஷன் லிங்க்?

மேலே படியுங்கள்.

கே: மேக்கில் ஓடுமா?

விண்டோஸ் மட்டும். மேக்கில் பிபிஎடிட் பாருங்கள், அதுவும் பழைய, நல்ல எடிட்டர்.

கே: தமிழ்ப் பட்டியலில் நெடுக்காகத் தேர்ந்தெடுத்து ஒரு பத்தியை வெட்டினேன், எழுத்தெல்லாம் உடைந்துவிட்டது.

காலம் செலக்‌ஷன் என்ற இந்த நெடுக்குத் தேர்வு எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று எண்ணி வேலை செய்யும். தமிழில் 'க்' இரண்டு குறி, 'ஔ' தனி அகலம். நடுவில் வெட்டினால் மெய் ஒரு பக்கமும் புள்ளி ஒரு பக்கமுமாகப் போய்விடும். பத்திகளுக்கு இடையே டேப் அல்லது காற்புள்ளி வைத்து, ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்து வரிசையின் அமைப்பைச் சொல்லித் தேடும் முறை) பிரியுங்கள்.

கே: 'கொடி' என்று தேடினால் பாதி இடங்களில்தான் கிடைக்கிறது. மீதி இடங்களிலும் அதே சொல் கண்ணெதிரே இருக்கிறது!

இரண்டும் பார்க்க ஒன்று, பைட்டில் வேறு. 'கொ' என்பதை, க-வுக்குப் பின் ஒகரக் குறி என்று ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் கொம்பு, அப்புறம் கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது, திரையிலும் ஒன்றாகவே தெரியும். பைட்டை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறு. பழைய எழுத்துரு முறையிலிருந்து மாற்றிய ஃபைல்களில் கொம்பும் காலும் தனியாக நிற்பது அதிகம்.

கிடைக்காத இடத்திலிருந்து அந்தச் சொல்லைக் காப்பி செய்து தேடல் பெட்டியில் ஒட்டுங்கள், மீதி எல்லாம் வந்துவிடும். பிறகு 'ரீப்ளேஸ்' திறந்து, மேலே அந்த இரண்டு குறி வடிவம், கீழே நீங்கள் தட்டச்சு செய்த வடிவம், ஃபைல் முழுவதற்கும். ஓகாரத்துக்கும் தனியாக ஒருமுறை செய்யுங்கள். அதற்கு முன் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து, சர்வருக்குப் போகாத ஃபோல்டரில் வையுங்கள்.