ஏழு மாத்திரையையும் ஒரே மடக்கில் விழுங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு பிரஷர், தைராய்டு, மூட்டுவலி. மூன்று டாக்டர்கள் சேர்ந்து ஏழு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடலாமா, அரை மணி நேர இடைவெளி போதுமா?

நான் டாக்டர் இல்லை. அப்பாவுக்கு நாலு வருடம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன், அவ்வளவுதான். அதில் பட்ட அடியிலிருந்து சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்த அப்பா, கண்ணை இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயசாகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்தோம். நாலு நாள் கழித்துத்தான் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று நீல அட்டை, இன்னொன்று வெள்ளி. முகப்பில் கொட்டை எழுத்தில் வேறு வேறு பெயர். அடியில் பொடி எழுத்தில் இரண்டிலும் ஒரே மருந்து: டெல்மிசார்டான் 40 மி.கி. ஒன்று இதய டாக்டர் பிரஷருக்குக் கொடுத்தது. மற்றது சர்க்கரை டாக்டர் சிறுநீரகத்தைக் காப்பதற்குக் கொடுத்தது. தனித்தனியாகப் பார்த்தால் இருவர் மேலும் தப்பில்லை. 80 மி.கி. என்பதும் டாக்டர்கள் எழுதுகிற அளவுதான். ஆனால் அப்பாவுக்கு அதை யாரும் எழுதவில்லை.

சரி, இடைவெளிக்கு வருகிறேன். வயிற்றுக்குள்ளேயே மோதிக்கொள்ளும் மருந்துகளுக்குத்தான் இடைவெளி உதவும். தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, காலைச் சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி. இல்லையென்றால் தைராக்சின் அவற்றோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேராமலே போய்விடும். மூட்டுக்குக் கால்சியமும் எழுதியிருந்தால் இது உங்கள் அம்மாவுக்கே பொருந்தும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் இதே வம்பு உண்டு.

இரத்தத்தில் கலந்த பிறகு மோதும் மருந்துகளுக்கு இடைவெளி பிரயோஜனமே இல்லை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரித்தாலும் இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை போட்டால், எந்த நேரத்தில் போட்டாலும் இரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது பிரஷரும் மூட்டுவலியும் சேர்ந்து வருவது. சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு இரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் உள்ளே வரும் குழாயைச் சுருக்குகின்றன. டெல்மிசார்டான், எனலாப்ரில் வகை பிரஷர் மாத்திரைகள் வெளியே போகும் குழாயை விரிக்கின்றன. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, ஓடுகிற இரத்தத்தின் அளவையே குறைக்கிறது. மூன்றும் கூடினால் வடிகட்டியில் அழுத்தமே நிற்காது. அதோடு வாந்தி, பேதி என்று இரண்டு நாள் படுத்தால் சிறுநீரகம் திடீரென்று மக்கர் பண்ணலாம். பல பிரஷர் மாத்திரைகளில் நீர் பிரியும் மருந்து உள்ளேயே சேர்ந்திருக்கும். அட்டையில் ஹைட்ரோகுளோரோதயாசைடு என்று இருக்கிறதா பாருங்கள்.

மூட்டுவலி முடக்குவாதமாக இருந்து மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருந்தால், அது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மருந்து. தினசரி டப்பாவில் தவறிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டை மேலேயே எழுதி, தனியாக வையுங்கள்.

சாப்பிடும் பொருளும் மோதும். 1989-இல் கனடாவில் ஃபெலோடிபின் என்ற பிரஷர் மருந்தை மதுவோடு சேர்த்து ஆராய்ந்தவர்கள், மதுவின் ருசியை மறைக்க கிரேப்ஃப்ரூட் என்ற புளிப்புப் பழத்தின் சாறு கலந்தார்கள். மருந்தின் அளவு இரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. மருந்தைச் சிதைக்கும் நொதியைக் குடலிலேயே அந்தச் சாறு முடக்கிவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. கொழுப்புக்குப் போடும் சிம்வாஸ்டாடினுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

செய்ய வேண்டியது என்னவென்றால், ஒரு தாளில் ஒவ்வொரு மருந்தின் பொடி எழுத்துப் பெயர், அளவு, எதற்கு, யார் எழுதியது, எப்போது போடுவது என்று குறியுங்கள். சீட்டில் இல்லாதவைதான் இதில் முக்கியம்: கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை, சளி மாத்திரை (அதற்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது), மூலிகை மருந்து, கண் சொட்டு மருந்து. சொட்டு மருந்துதானே என்று நானும் விட்டிருக்கிறேன். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் இரத்தத்தில் சேர்ந்து நாடித்துடிப்பைக் குறைக்கும்; அதே வேலையைச் செய்யும் அட்டெனோலால் என்ற பிரஷர் மாத்திரை போடுபவருக்கு அது இரட்டை அடி.

அந்தத் தாளோடு, அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, மூவரில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய் மொத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். "இதில் எதையாவது நிறுத்த முடியுமா?" என்று நீங்களே கேளுங்கள். அப்பாவுக்கு அம்லோடிபின் போட்டுக் கணுக்கால் வீங்கியது. வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, அது பொட்டாசியத்தைக் குறைத்ததால் ஒரு சிரப் என்று வரிசை கட்டி நின்றது. நான் கேட்ட அன்றுதான் அது டாக்டர் கண்ணில் பட்டது. அம்லோடிபினை மாற்றினார், மற்ற இரண்டும் தேவையில்லாமல் போயின.

நீங்களாக மட்டும் எதையும் நிறுத்தாதீர்கள். அட்டெனோலால், ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து இவற்றைச் சட்டென்று நிறுத்துவது போடுவதைவிட மோசம். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று அட்டையில் இருக்கும் மாத்திரைகளைப் பொடிக்கவும் கூடாது. நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும்.

டாக்டரைப் பார்க்கும்வரை, அம்மாவின் ஏழில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இருந்தால், இன்றே போனில் அதை எழுதியவரிடம் பிரஷர் மாத்திரையின் பெயரைச் சொல்லித் தொடரலாமா என்று கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எழும்போது தலை சுற்றினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நாங்கள் நாலு நாள் இருந்தோம்.