17 வயதுப் பையன் அப்டேட் போடும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தினால் அது செல்லுமா?

போனில் அப்டேட் போடும்போது வரும் நிபந்தனைகளுக்கு 17 வயது மகன் சம்மதம் கொடுத்துவிட்டான், சட்டப்படி அது அவனைக் கட்டுப்படுத்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவனைக் கட்டுப்படுத்தாது. ஆனால் யாருடைய கணக்கு, யார் சொல்லி அழுத்தினான் என்று பார்க்காமல் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

தங்கச்சிமடத்தில் விசைப்படகுக் குடும்பத்தில் பிறந்தவன் நான். இப்போது ராமநாதபுரத்தில் வக்கீல். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி வயது வந்தவருக்குத்தான் ஒப்பந்தம் செய்யும் தகுதி உண்டு. அந்த வயது 18. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் 20,000 ரூபாய்க்குச் சொத்தை அடமானம் எழுதிக் கொடுத்த வழக்கில், மைனரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு அமைப்பு) தீர்ப்பளித்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும் திரையில் விரல் வைத்தாலும் இதேதான். 18 முடிந்தபின் “அன்றைக்கு அழுத்தியதை இப்போது ஏற்கிறேன்” என்று சொன்னாலும் அதற்கு உயிர் வராது. பிறந்தநாளுக்குப் பிறகு வரும் அப்டேட்டில் புதிதாக அழுத்தினால் மட்டும் அது அவனுடைய ஒப்பந்தம்.

எங்கள் பக்கம் சிக்கல் வருவது வேறு இடத்தில். கடலுக்குப் போகிற அன்று அப்பா போனைத் தம்பியிடம் கொடுத்து, “கேக்குறதுக்கெல்லாம் ஓகே போட்டு வை” என்று சொல்லிவிட்டுப் படகேறுவார். அதே சட்டத்தின் 184ஆம் பிரிவுப்படி மைனரும் இன்னொருவருக்கு ஏஜென்டாக இருக்கலாம். மீன் வியாபாரியிடம் பையன் தானாகப் போய் முன்பணம் வாங்கினால், அந்த ஒப்பந்தத்தைக் காட்டி அவன்மேல் வழக்குப் போட முடியாது. அப்பா அனுப்பி வாங்கினால் அது அப்பாவின் கடன். போனும் அப்படித்தான்.

ஒரு முறை தம்பி போட்ட அப்டேட்டில் ஒரு செயலி மாதச் சந்தாவுக்கும் சேர்த்துச் சம்மதம் வாங்கிவிட்டது. ஏப்ரல் 15க்குப் பிறகு மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வருமானமே இல்லை, அப்பா கணக்கிலிருந்து மாதம் 399 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனாலும் அந்த நிறுவனத்துக்கு எழுதும்போது தம்பி மைனர் என்ற வாதத்தை நான் எடுக்கவில்லை. கணக்கு அப்பாவுடையது, அழுத்தச் சொன்னவரும் அவரே. சந்தா விவரத்தைத் தெளிவாகக் காட்டாமல் வாங்கிய சம்மதம் இது என்றுதான் எழுதினேன். பணம் திரும்பி வந்தது.

சரி, பையன் பிறந்த வருடத்தைப் பொய்யாகப் போட்டிருந்தால்? அப்போதும் ஒப்பந்தம் அவனைக் கட்டாது. ஆனால் அதனால் பெற்ற பலனைத் திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நிறுவனம் சேவையை நிறுத்தவும் செய்யலாம். ஒப்பந்தம் செல்லாது என்பதற்காக மென்பொருளை நகலெடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கவும் முடியாது, பதிப்புரிமை அப்படியேதான் இருக்கும்.

அவனுடைய சொந்தக் கணக்கு என்றால் பயப்பட வேண்டாம். உங்கள் கணக்கு என்றால் இன்றே யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலை, அதாவது தானாகப் பணம் பிடிக்க அனுமதி கொடுத்தவற்றின் பட்டியலை, திறந்து பாருங்கள். தெரியாத சந்தா இருந்தால் முதலில் அதை ரத்து செய்யுங்கள், அப்புறம் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.