வயர்மேன் பதில்கள்: டேங்க் இல்லாத கீசர் நம் வீட்டுக்குச் சரிப்படுமா?

கேள்வி: கீழே ஒரு குளியலறை, மாடியில் ஒன்று. நான், கணவர், மாமியார், கல்லூரிக்குப் போகும் மகள் என நாலு பேர். இருக்கிற 15 லிட்டர் கீசர் ஒழுக ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, "டேங்கே இல்லாத கரண்ட் ஹீட்டர் ஒண்ணு மாட்டுக்கா, வீடு முழுக்க சுடுதண்ணி வந்துட்டே இருக்கும்" என்கிறான். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், அதையே வாங்கிவிடலாமா? எங்களுக்கு போர் தண்ணீர்தான்.
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தம்பி சொல்வது பொய் இல்லை அம்மா. அவர் ஊருக்கு அது சரி. அங்கே வீடு முழுவதற்கும் மாட்டுகிற பெட்டி 27 கிலோவாட்டில்கூட வரும். 240 வோல்ட்டில் 112 ஆம்பியர் இழுக்கும். அங்கே வீட்டுக்கு 200 ஆம்பியர் இணைப்பு என்பது சாதாரணம். நீங்கள் ஒரு நடை போய் உங்கள் மெயினில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். 32 என்று இருந்தால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம். ஒரே ஒரு ஷவர், நிமிஷத்துக்கு 8 லிட்டர், 22 டிகிரி தண்ணீரை 40 ஆக்க வேண்டுமென்றால்கூட 10 கிலோவாட் வேண்டும். அதுவே 43 ஆம்பியருக்கு மேல்.

நம் கடைகளில் 'இன்ஸ்டன்ட்' என்று விற்பது வேறு சரக்கு. 3 கிலோவாட், வயிற்றுக்குள் 3 லிட்டர் டேங்க் ஒன்று இருக்கும். மார்கழிக் காலையில் 20 லிட்டர் பக்கெட் ஒன்று நிறைய எட்டரை நிமிஷம் ஆகும். அதுவும் வோல்டேஜ் முழுதாக இருந்தால். எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடுகிற நேரத்தில் 190-க்கு இறங்கினால், 3 கிலோவாட் பெட்டி 2 கிலோவாட் வேலைதான் செய்யும். மாமியார் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"டேங்க் இல்லாததில் கரண்ட் மிச்சமாகுமே?" என்று கேட்பீர்கள். அந்தப் பக்கெட் தண்ணீரை எதில் சுட வைத்தாலும் 0.42 யூனிட்தான். நாலு பேர், நாளுக்கு ஆளுக்கு ஒரு பக்கெட், 60 நாள் என்றால் 100 யூனிட் வந்துவிடும். இரண்டு மாசத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட் குளியலறையிலேயே கரைந்துபோகும். டேங்க் கீசரில் வீணாவது, ஸ்விட்சை அணைக்க மறந்து நாள் முழுக்க விட்டுவிடுவதால். குளிக்கப் போவதற்கு இருபது நிமிஷம் முன்னால் போட்டு, பிறகு அணைத்துவிட்டால் அந்த வித்தியாசமும் பெரிதாக இருக்காது. சித்திரையில் எதுவுமே வேண்டாம். மத்தியானம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைத்தால் நமக்கே சுடும்!

இன்னொன்றும் உண்டு. நிஜமான டேங்க்லெஸ் பெட்டிக்குள் தண்ணீரின் வேகத்தைப் பார்த்து வேலை செய்கிற ஸ்விட்ச் இருக்கும். உங்கள் மாடிக் குளியலறைக்கும் மேலே இருக்கிற டேங்குக்கும் எட்டடி உயரம்தான் இருக்கும். தண்ணீரின் அழுத்தம் கால் 'பார்' அளவுகூடத் தேறாது. குழாய் மெதுவாகச் சொட்டினால் பெட்டி தூங்கிக்கொண்டே இருக்கும்.

போர் தண்ணீர் என்றீர்களே, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். போன மாசம் காட்பாடியில் ஒரு கீசரைப் பிரித்தேன். தண்ணீரைச் சுட வைக்கிற 'காயில்' சுருள் இருந்த இடமே தெரியவில்லை, விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் முட்டை ஓடு மாதிரி சில்லு சில்லாக விழுகிறது. சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் காயில் தன்னையே வறுத்துக்கொள்ளும். 15 லிட்டர் டேங்கில் அந்தச் சில்லு அடியில் போய் உட்கார இடமாவது இருக்கிறது. டேங்க்லெஸ்ஸின் குறுகிய வழியில் அடைத்துக்கொள்ளும்.

ஆகவே என் யோசனை: கீழே பழையபடி 15 லிட்டர், 2 கிலோவாட். 60 டிகிரியில் அது பச்சைத் தண்ணீர் கலந்து ஒன்றரை பக்கெட் தரும். அடுத்த ஆளுக்கு இன்னும் இருபது நிமிஷம் போடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து உப்பு எடுக்கச் சொல்லுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் காக்கிற மெக்னீசியம் ராடையும் அப்போதே பார்க்கட்டும். மாடியில் மகள் ஒருத்திதான் என்றால், அங்கே அந்த 3 லிட்டர் பெட்டி போதும்.

ஆனால் அதற்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, சத்துவாச்சாரியில் என் வீட்டிலேயே வாஷிங்மெஷினுக்கு இழுத்த பழைய 1 ஸ்கொயர் லைனில் 3 கிலோவாட்டை மாட்டினேன். 'நாளைக்கு மாத்திக்கலாம்' என்று நினைத்தது எட்டு மாசம் ஓடிவிட்டது. ஒரு காலையில் மீன் நாற்றம் அடிக்கிறது என்று வீட்டுக்காரம்மா சமையலறையைத் துழாவிக்கொண்டிருந்தார். மீன் இல்லை, பிளக். இழுத்தால் சாக்கெட்டும் சேர்ந்து வருகிறது. இன்றைக்கும் யாராவது என்னை வேலைக்குக் கூப்பிட்டால் அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறார்.

எர்த் குழி வெயில் காலத்தில் காய்ந்து கிடக்கும், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைத்துவிடுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இல்லாமல் எந்த கீசரையும் மாட்ட விடாதீர்கள்.

கேள்வி: கரண்டே வேண்டாம் என்று கேஸ் கீசர் வாங்கிவிட்டோம். குளியலறை சின்னது, ஜன்னல் இல்லை. மாட்டலாமா?
— ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: உள்ளே மாட்டவே மாட்டாதீர்கள். மூடிய அறையில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, கண் எரியாது, மயங்கி விழுகிறவருக்கே தெரியாது. பெட்டியையும் சிலிண்டரையும் வெளிச்சுவரில் காற்றாட வைத்து, சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே இழுங்கள். அதற்கு இடமில்லையென்றால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.