சோறு தடையின்றி இறங்குகிறது, எச்சில் மட்டும் சிக்குகிறதா?

தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கும் 46 வயது வாசகிக்கு, நான்கு மாதமாகத் தொண்டைக்குழியில் நெல்லிக்காய் அளவில் ஏதோ அடைத்திருப்பதுபோல் இருக்கிறது. சாப்பாடு தடையின்றி இறங்கினாலும் எச்சில் விழுங்கும்போது உறுத்துகிறது. புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தில் தூக்கமும் போய்விட்டது.

சாப்பிடும்போது உறுத்தல் குறைகிறது என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பது ஆறுதலான செய்தி. உண்மையான அடைப்பு இருந்தால் முதலில் சோறும் இட்லியும்தான் சிக்கும், எச்சில் அல்ல.

இதற்கு அடிக்கடி காணும் காரணம் இரைப்பை அமிலம் எதுக்களிப்பது. அமிலம் தொண்டைவரை ஏறாமல் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியை எரிச்சலூட்டினாலே, அக்குழாயின் மேல்முனையிலுள்ள வளையத் தசை இறுகிக்கொள்ளக்கூடும் என்பதால், நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்கும் இந்த உணர்வு வரலாம். நம் பக்கத்தில் விசேஷ வீடுகளில் இரவு நேரங்கழித்துக் காரமான குழம்பும் எண்ணெய்ப் பலகாரமும் சாப்பிட்டு உடனே படுப்பது வழக்கம்; படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே உணவை முடித்துவிடுங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும். அதற்குப் பதிலாகக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு உறுதியான மரக்கட்டை வையுங்கள்.

மனக்கவலையும் அதே தசையை இறுக்கும். உறுத்துகிறதே என்று வெறும் எச்சிலைத் திரும்பத் திரும்ப விழுங்குவதும் செருமுவதும் அதை மேலும் வளர்க்கும் என்பதால், அந்த எண்ணம் எழும்போதெல்லாம் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். மூக்கிலிருந்து சளி இறங்குவது, தைராய்டு வீக்கம் ஆகியவையும் காரணமாகலாம்.

இரும்புச்சத்துக் குறைவைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்டகால ரத்தசோகை உள்ள பெண்கள் சிலருக்கு உணவுக்குழாயின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வு வளர்ந்து, கெட்டி உணவு சிக்கத் தொடங்கும்; ஆகவே ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள்.

நான்கு மாதம் ஆகிவிட்டதால், காரைக்குடியிலோ மதுரையிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது அவசியம். மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் குரல்வளையைப் பார்ப்பது சில நிமிட வேலை. தேவைப்பட்டால் கழுத்து ஸ்கேனும் எடுப்பார். உணவு சிக்குதல், விழுங்கும்போது வலி, மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல், காரணமில்லாத எடைக்குறைவு, கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காதுவலி, ரத்தம் கலந்த எச்சில் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால், அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.