சிங்கி இறால் கூண்டுக்குள் நீரை அளப்பது எப்படி?

கேள்வி: கடற்கூண்டுகளில் சிங்கி இறால் வளர்ப்போருக்கு நீரின் தரத்தைக் கண்காணிக்கப் பயிற்சி அளித்து வருகிறேன். வகுப்பில் ஆர்வத்துடன் கேட்பவர்கள், சில வாரங்களிலேயே கருவிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எங்கே தவறு?

பதில்: அளக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அளவு மாறினால் என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு என்பது என் கருத்து. வேலைக்கு உதவாத எண்ணை எவரும் அதிக நாள் குறித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கரைந்த ஆக்சிஜனிலிருந்து தொடங்குங்கள். இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிட, நீரிலுள்ள உயிர்கள் அனைத்தும் சுவாசித்துக்கொண்டே இருப்பதால், அதன் அளவு விடியலுக்குச் சற்று முன்புதான் பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும்; பயிற்சியாளர்களோ வெயில் ஏறிய பிறகு மேற்பரப்பு நீரை அளந்து காட்டிவிட்டுக் கரையேறுகிறார்கள். சிங்கி இறால் கூண்டின் அடியில் ஒண்டி வாழ்வது. எனவே இருள் பிரியுமுன் அவர்களோடு படகில் சென்று, கருவியின் முனையை அடிவலை வரை இறக்கி, எண் நிலைகொள்ளும் வரை பொறுத்திருந்து குறிக்கச் செய்யுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அன்றைய தீனியைக் குறைக்க வேண்டும். பாசியும் சிப்பியும் அடைத்த வலையை மாற்ற வேண்டும். நெரிசல் இருந்தால் இறால்களைப் பிரித்துவிட வேண்டும். ஆனால், ஓடு கழற்றும் வேளையில் அவற்றுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுவதாலும், உடல் மென்மையாக இருப்பதாலும், அப்போது கையாள்வதைத் தவிர்ப்பதே நல்லது.

உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 30 முதல் 35 பங்கு வரை இருப்பது ஏற்றது. பெருமழைக்குப் பின் நன்னீர் மேலே மிதக்கும் என்பதால், மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியே எடுத்து அளந்து காட்டினால், கூண்டை ஆழத்துக்கு இறக்குவதன் காரணம் தானாகவே விளங்கிவிடும். உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைக் காய்ச்சி வடித்த நீரால் பூச்சியத்துக்குச் சரிசெய்த பிறகே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

மிச்சத் தீனி அழுகுவதாலும் உண்டாகும் அம்மோனியாவின் நச்சுப் பகுதி, வெப்பமும் காரத்தன்மையும் கூடும்போது பெருகும். இதை வேதியியல் பாடமாக நடத்துவதைவிட, தின்னாமல் கிடக்கும் மீன் துண்டுகளைக் காலைதோறும் எடுத்து எடைபோடப் பழக்குவது பயன் தரும். மிச்சம் கூடினால் மறுநாள் தீனி குறைய வேண்டும்.

பதிவேட்டில் அளவுக்குப் பக்கத்திலேயே ‘செய்தது என்ன’ என்றொரு கட்டம் இருக்கட்டும். நாள் தவறாமல் ஒரே எண் எழுதப்பட்டிருந்தால், அது கரையில் அமர்ந்து நிரப்பிய ஏடாக இருக்கலாம்; கடிந்துகொள்ளாமல், மறுநாள் விடியலில் அவரோடு படகேறுங்கள்.