பள்ளி ஸ்கேலும் பழைய டியூபும்: சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள் ஒன்றும், நான் வேலைக்கு ஓட்டிச் செல்லும் பழைய சைக்கிள் ஒன்றும் வீட்டில் உள்ளன. இரண்டின் செயினுக்கும் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறேன். சில நாள்களிலேயே கறுப்பாகப் பிசுக்கு ஏறிவிடுகிறது. சைக்கிளுக்கென்றே விற்கும் எண்ணெயும் கழுவும் திரவமும் எனக்குக் கட்டுப்படி ஆகவில்லை. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உண்டு. ஆனால் சமையலறை எண்ணெய் அந்த வழி அன்று. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் காற்றுபட்டு நாளடைவில் பிசினாக மாறி, தெருப்புழுதி முழுவதையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் கடையில் சும்மாவே கிடைக்கிறதென்று கழிவு ஆயிலை வாங்கி விடுவோரும் உண்டு. எஞ்சினுக்குள் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் அதில் கலந்திருப்பதால், செயினுக்கு அது எண்ணெயாக இருப்பதைவிட அரமாகவே வேலை செய்யும்.

அக்கம்பக்கத்தில் யாரேனும் மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்றும்போது டப்பாவின் அடியில் மீந்துபோகும் புதிய ஆயிலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சைக்கிள்களுக்குப் பல மாதங்கள் வரும். தையல் இயந்திர எண்ணெயும் நல்லதே, ஆனால் மெல்லியதாகையால் அடிக்கடி விட வேண்டியிருக்கும். எதை விட்டாலும் கண்ணிக்கு ஒரு சொட்டு போதும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றி எண்ணெய் உள்ளே இறங்கியதும், செயினின் வெளிப்புறத்தைப் பழந்துணியால் ஈரம் தெரியாதவாறு துடைத்துவிடுங்கள். எண்ணெய் தேவைப்படுவது கண்ணிகளைக் கோக்கும் பின் என்ற சிறு கம்பிக்கும் அதைச் சுற்றிய உருளைக்கும் நடுவில்தான். வெளியில் மினுமினுப்பது அழுக்கைச் சேர்ப்பதற்கு மட்டுமே உதவுகிறது. உங்கள் செயின் கறுத்துப்போவதற்குப் பாதிக் காரணம் துடைக்காமல் விடுவதாகவே இருக்கும்.

கழுவுவதற்கு ஒரு கிண்ணம் டீசலும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். வீட்டுக்கு வெளியே, அடுப்பும் நெருப்பும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். பெட்ரோலை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அழுக்கான டீசலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். ஒரு டப்பாவில் மூடி வைத்தால் கசடு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்குப் பெரிய செலவை மிச்சப்படுத்தக்கூடிய கருவி மகளின் புத்தகப் பையிலேயே இருக்கிறது. சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், அதிலிருந்து எண்ணி வரும் 20ஆவது பின்னின் நடு, புதிய செயினில் மிகச் சரியாக 25.4 செ.மீ.யில் நிற்கும். பின்கள் தேயத் தேய இந்த நீளம் கூடும். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றிவிடுங்கள். இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டும்வரை விட்டுவிட்டால், நீண்ட செயின் பல்சக்கரங்களையும் தன் அளவுக்குத் தேய்த்திருக்கும். அப்போது புதிய செயின் போட்டாலும் பல்லில் உட்காராமல் நழுவும், பெடலோடு சுற்றும் பல்சக்கரமும் பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலும் சேர்த்து வாங்க நேரிடும்.

கேள்வி: டயரைக் கழற்ற ஸ்பூன் காம்பைப் பயன்படுத்தலாமா? ஒட்டுப் போடும் துண்டுகளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தடித்த எவர்சில்வர் கரண்டியின் காம்பு, முனை மழுங்கலாகவும் பிசிறில்லாமலும் இருந்தால் உதவும். காம்பை ஆழமாக நுழைத்தால் டியூப் நசுங்கி, ஒரு பஞ்சருக்கு இரண்டு பஞ்சராகிவிடும். கழற்றும்போது மட்டும் காம்பு. திரும்ப மாட்டும்போது கட்டைவிரல்கள்தாம்.

துண்டுகளை வாங்கத் தேவையில்லை. நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுபோல் பழைய டியூபை வெட்டி, மூலைகளை வட்டமாக நறுக்கிக்கொள்ளுங்கள். துண்டையும் ஓட்டையைச் சுற்றிய இடத்தையும் உப்புத்தாளால் நன்கு தேய்த்து, இரண்டிலும் சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, ஈரப்பளபளப்பு மறையும்வரை காத்திருந்து அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டுவதால்தான் பெரும்பாலான ஒட்டுகள் பெயர்கின்றன. அதற்கும் முன்பாக வால்டியூபைப் பாருங்கள். காற்று இறங்கும் சைக்கிள்களில் பலவற்றுக்குத் தேவைப்படுவது சில ரூபாய் விலையுள்ள அந்தச் சிறு ரப்பர்க் குழாய்தான்.

கேள்வி: வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய கருவிகள் எவை?
– ஒரு கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: முறிந்த ஸ்போக் கம்பியை இரு முனையும் கொக்கியாக வளைத்தால், செயினை இணைக்கும்போது அதன் இரு நுனிகளையும் பிடித்துக்கொள்ளும். உத்தரத்தில் இரண்டு கயிறுகளைக் கட்டி, ஒன்றைச் சீட்டுக்கும் மற்றதை ஹேண்டில்பாருக்கும் மாட்டினால் சைக்கிளைத் தொங்கவிட்டு வேலை செய்யலாம். சக்கரத்தின் கோட்டத்தைப் பார்க்க, பிரேக் கட்டையே அளவுகோல்; சுற்றும்போது ரிம் எந்த இடத்தில் கட்டையை நெருங்குகிறதென்று கவனியுங்கள்.

ஸ்போக் சாவியை மட்டும் அளவு பார்த்துக் கடையில் வாங்குங்கள். குறட்டால் திருகினால், ஸ்போக் நுனியை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிளின் விளிம்பு வழுக்கிப் பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. பிரேக் கட்டை வழவழத்திருந்தால் உப்புத்தாளில் தேய்த்துப் பயன்படுத்தலாம். பள்ளங்கள் மறையுமளவு தேய்ந்துவிட்டால் அன்றே புதியது வாங்கி மாட்டுங்கள்.