'முடியாது' என்று சொன்னால் பாவமா?

கேள்வி: வேலை, வீடு போக சபையில் பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம் என்று எல்லாவற்றிலும் இருக்கிறேன். ஜெபிக்கத்தான் நேரமில்லை. ஏதாவது ஒன்றை விட்டால் கர்த்தருக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறதே?

பதில்: துரோகமெல்லாம் இல்லை. வேதாகமத்தில் மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள், முந்தின சாயங்காலம் ஊரே வாசலில் கூடி நிற்க நோயாளிகளைச் சுகமாக்கிய இயேசு, மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார், சீடன் சீமோன் தேடி வந்து 'உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்' என்று சொல்லியும் அங்கே திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் போகலாம் என்கிறார். தேவை இருந்த இடம்தான், ஆனாலும் போகவில்லை!

அப்புறம் பழைய ஏற்பாட்டில் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரம். காலை முதல் சாயங்காலம் வரை இஸ்ரவேலரின் தலைவர் மோசே தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரிப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, பாராட்டவில்லை; 'நீர் செய்கிற காரியம் நல்லதல்ல' என்கிறார் (மாமனார் சொன்னதை மருமகன் அப்படியே கேட்டது தனி ஆச்சரியம்). சிறிய வழக்குகள் மற்றவர்களுக்குப் போயின, பெரியவை மட்டும் மோசேயிடம் வந்தன.

உங்கள் மூன்று ஊழியங்களில் நீங்கள் இல்லாவிட்டாலும் நடக்கக்கூடியது எது? அதை வேறொருவருக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு, போதகரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். மிச்சமாகும் நேரத்தை மட்டும் தொலைபேசி விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சரியா? ஜெபத்துக்கு ஒரு மணி நேரமெல்லாம் வேண்டாம், இப்போதைக்குக் காலையில் பதினைந்து நிமிடம் போதும்.